மலை மேற்கே நிக்குது, அதை வச்சுப் படம் எடு

புதுசா கேமரா வாங்கின தங்கச்சிங்க என்கிட்ட முதல்ல கேட்கிறது, "அக்கா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கட்டும்?" லென்ஸ் பத்திப் பின்னால சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் படம் எடுக்கக் கிளம்புறேன்னா, அதுக்கு முன்னாடி மனசுல ஏத்திக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இங்கே மலை மேற்கே நிக்குது.

இதுல என்ன விசேஷம்னு நினைக்காதே. உன் ஒரு நாள் வேலை முழுக்க இதை வச்சுத்தான். காலையில வெயில் கிழக்கே இருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையோட முகத்துல நேரா விழும். மடிப்பு, பாறை, பள்ளம், நடுவுல தொங்குற மேகத் துண்டு எல்லாம் தனித்தனியா தெரியும். மத்தியானம் தாண்டினதும் சூரியன் மலைப் பக்கம் போயிடும், மலை வெறும் நீலச் சுவரா ஆயிடும். சாயங்காலம் அடிவாரத்துல சூரியன் மறையுறதும் வெள்ளனவே நடந்துடும். காலண்டர்ல போட்டிருக்கிற நேரத்துக்கு ரொம்ப முன்னாலயே மலை அதை மறைச்சிடும். சாவகாசமா டீ குடிச்சிட்டு அஞ்சரைக்கு மேல மலையை எடுக்கப் போறவங்களுக்கு நிழல்தான் கிடைக்கும்.

அதனால இதை மனப்பாடம் பண்ணிக்கோ: காலையில மேற்கே பார்த்து எடு, சாயங்காலம் கிழக்கே பார்த்து எடு. ரெண்டு நேரமும் வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கும். நிழலுருவமா, பனைமரமும் மலைக்கோடும் மட்டும் கறுப்பா வேணும்னா இதைத் திருப்பிப் போட்டுக்கோ.

இதைப் பழக நல்ல இடம் திருவண்ணாமலை. கிரிவலம் போற ஊரைச் சொல்லலை. ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு வடமேற்கே கொஞ்ச தூரத்துல, குன்று மேல சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை. தென் திருப்பதின்னும் சொல்வாங்க. மேப்ல பேரை மட்டும் போட்டா வேற மாவட்டத்துக்கு வழி காட்டும், 'ஸ்ரீவில்லிபுத்தூர்'னு சேர்த்துப் போடு. குன்று சின்னதுதான், ஆனா மேல ஏறி நின்னா நான் சொன்ன பாடம் முழுக்கக் கண்ணு முன்னால இருக்கும். ஒரு பக்கம் மலைத்தொடர், மறுபக்கம் வயலும் தோப்பும் ஊரும். விடியக்காலையில கிழக்கே பார்த்தா எதிர்வெயில்ல சமவெளி மங்கலா, அடுக்கடுக்காத் தெரியும். பத்து நிமிஷம் கழிச்சு அப்படியே திரும்பி மேற்கே பாரு, மலை பளிச்சுன்னு இருக்கும். ஒரே இடம், ஒரே லென்ஸ், திசை மட்டும் வேற. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. வெளிச்சம்னா என்னன்னு இதை விடத் தெளிவா யாரும் சொல்லித்தர முடியாது.

புரட்டாசி சனிக்கிழமை போனா ஜனம் நெருக்கும். மலைக்காட்சிக்கு அது சரியான நாள் இல்லை, மனுஷங்களை எடுக்க அதை விட நல்ல நாள் இல்லை. படியில ஏறுற பாட்டி, துளசி மாலை விக்கிறவங்க, மொட்டை போட்டு சந்தனம் பூசின பிள்ளையைத் தோள்ல வச்சிருக்கிற அப்பா. இங்கே கேமரா உன்னை ஒரு விஷயத்துல ஏமாத்தும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரமான சாம்பல் வெளிச்சமாக்கத்தான் கேமரா பார்க்கும். ஃப்ரேம் முழுக்க வெள்ளை வேட்டியா இருந்தா, "வெளிச்சம் ரொம்ப ஜாஸ்தி"ன்னு நினைச்சுப் படத்தை இருட்டாக்கிடும், வேட்டி அழுக்கு நிறமாத் தெரியும். அப்ப எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டி வை, +0.7 இல்லைன்னா +1. இதே வேட்டிக்காரர் இருட்டு மண்டபத்து முன்னால தனியா நின்னா நடக்கிறது நேர் எதிர். இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், வேட்டியில மடிப்பே தெரியாம வெளுத்துடும். அங்கே −1 வை. இந்த ஒரு பட்டனைப் பழகிக்கிட்டா உன் படத்துல பாதிக் குறை போயிடும். போன்ல எடுக்கிறவங்களும் இதைச் செய்யலாம். முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடி, ஃபோகஸ் பூட்டிக்கும், அப்புறம் பக்கத்துல வர்ற சூரியன் படத்தை மேலயும் கீழயும் நகர்த்து.

ஆளை எடுக்கிறதுக்கு முன்னால கேளு. கேட்டா அந்த இயல்பு போயிடும்னு சொல்வாங்க, ஒரு நிமிஷத்துக்குத்தான் போகும். நீ அங்கேயே நின்னு பேசிக்கிட்டு இருந்தா அவங்க வேலையில மூழ்கிடுவாங்க, இயல்பு திரும்பி வந்துடும். குழந்தைன்னா அம்மாகிட்ட கேட்காம எடுக்காதே. மொட்டை போடுற இடம், குளிக்கிற இடம் பக்கம் கேமராவைத் தூக்கவே தூக்காதே. உனக்கும் ஒண்ணு சொல்றேன்: கூட்டத்துல தனியாப் போகாதே, பட்டையைக் கழுத்துல தொங்கப் போடாம தோள்ல குறுக்கே போடு, வியூஃபைண்டர்ல கண்ணை வச்சுக்கிட்டே பின்னால நடக்காதே. படியில இது ரொம்ப முக்கியம்.

இனி கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலோட 11 நிலை ராஜகோபுரம், சுமார் 190 அடி உயரம், தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிற கோபுரம்னு எல்லாருக்கும் தெரியும். வர்ற எல்லாரும் பக்கத்துல போய் நின்னு அண்ணாந்து எடுப்பாங்க. கோபுரம் பின்னால சாயுற மாதிரி, மேல குறுகி விழும். காரணம் லென்ஸ் இல்லை, கேமராவை மேல தூக்கினதுதான். நேரா நிக்கணும்னா கேமராவைச் சாய்க்காம, தரைக்கு நேரா பிடிக்கணும். அப்ப கோபுரம் ஃப்ரேமோட மேல் பாதியில மட்டும்தான் அடங்கும். கணக்குப் போட்டுப் பாரு: 18–55 கிட் லென்ஸ்ல 18 எம்எம் வச்சு, கேமராவைச் செங்குத்தாப் பிடிச்சா, இந்த உயரம் முழுசா அடங்க சுமார் 300 அடி பின்னால போகணும். கீழ்ப் பாதியில தெரு வந்து நிக்கும். அதை வீணடிக்காதே, அங்கேதான் பூக்கடை, சைக்கிள், கோலம் எல்லாம் வரும். கோபுரம் எவ்வளவு பெரிசுன்னு காட்டுறதே கீழே நடந்து போற அந்த ஒரு ஆள்தான். இன்னும் பின்னால போக இடம் கிடைச்சா 50 எம்எம் போடு, கோபுரம் கம்பீரமா, தெருவோட ஒட்டி நிக்கும். கிழக்கு முகத்துக்குக் காலை வெயில், அதனால வெள்ளனப் போயிடு.

ஆனா கரண்ட் கம்பியும் ஃப்ளெக்ஸ் பேனரும் இருக்கே, அக்கா? இருக்கும். எங்கே இல்லை? கிளிக் பண்றதுக்கு முன்னால ஃப்ரேமோட நாலு மூலையையும் கண்ணால ஒரு சுத்து சுத்தி வா. ரெண்டடி இடப்பக்கம் நகர்ந்தா கம்பம் கடையோட தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிடும். கீழே உட்கார்ந்தா பேனரை வேப்பங்கிளை மறைச்சிடும். அப்புறமா மென்பொருள்ல அழிச்சிக்கலாம்னு விடாதே. நகர்ந்து பழகின கால்தான் காம்போசிஷன் கத்துத் தரும். மூணுல ஒரு பங்கு விதியெல்லாம் நல்லதுதான், போன்லயே கட்டம் போட்டுக்கலாம். அதை விட முக்கியம் ஓரங்கள்.

கோயிலுக்குள்ளே படம் எடுக்கிறதைப் பத்தி: தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ளே செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. வெளியில இருந்து எடு, உள்ளே போகும்போது கேமராவைக் காப்பறையில கொடுத்துட்டு சாமி கும்பிடு. மண்டபம், தூண்னு எடுத்தே ஆகணும்னா முன்கூட்டியே கோயில் அலுவலகத்துல கேளு. எது முடியும், எது முடியாதுன்னு அவங்கதான் சொல்லணும்.

கூட்டமே இல்லாத தெரு வேணும்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பழைய வித்தை இருக்கு. 1858ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவக் கேப்டன், சென்னை மாகாண அரசோட புகைப்படக்காரரா, மதுரைக் கோயிலையும் மஹாலையும் எடுத்தார். மெழுகேத்தின காகித நெகட்டிவ், பெரிய மரக் கேமரா. அதுல எக்ஸ்போஷர் நேரம் நீளம்ங்கிறதால நடமாடுறவங்க பதியவே மாட்டாங்க. அதையே நீயும் செய்யலாம். ட்ரைபாட் போட்டு, லென்ஸ் முன்னால வெளிச்சத்தைக் குறைக்கிற அடர்த்தியான என்டி ஃபில்டர் மாட்டி, 30 செகண்ட் ஷட்டரைத் திறந்து வை. நடந்துகிட்டே இருக்கிறவங்க கரைஞ்சு போயிடுவாங்க, நின்னு பேசுறவங்க மட்டும் ஆவியா நிப்பாங்க. ஆடி மாசம் இதைச் செய்யப் போனா காத்துல ட்ரைபாட் ஆடும். நடுத்தண்டுல பையைத் தொங்கவிடு, கையால அழுத்தாம 2 செகண்ட் டைமர் வச்சு எடு.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரும் அந்தக் காத்துல, மேகம் மலை மேல குவிஞ்சு நிக்கிற நேரத்துலதான். தேரை முழுசா எடுக்கணும்னு அடிச்சிக்காதே, வடத்தைப் பிடிச்ச கைகளை எடு. தேர் திரும்புற ரத வீதி மூலையில, ஏதாவது ஒரு வீட்டு மாடியில கேட்டு இடம் பிடி. வடத்துக்கு நடுவுலயும் சக்கரத்துக்கு முன்னாலயும் எந்தப் படத்துக்காகவும் நிக்காதே.

சாப்பாட்டுப் படம் பிடிக்கும்னா பால்கோவா அடுப்படிக்குப் போ. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம், ஆனா தட்டுல வச்ச பால்கோவாவை எடுத்தா ஒண்ணும் தெரியாது. சுண்டக் காய்ச்சுற இடத்துலதான் படம் இருக்கு. கடைக்காரர்கிட்ட கேட்டா, கூட்டம் இல்லாத நேரமா இருந்தா பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. உள்ளே போனதும் உடனே எடுக்காதே, அந்தச் சூட்டுல லென்ஸ் மேல ஆவி படிஞ்சிடும். கண்ணாடி சூடாகுற வரைக்கும் கொஞ்ச நேரம் சும்மா நில்லு, சட்டியைப் பாரு, கிண்டுறவர் எப்படி உடம்பைச் சாய்க்கிறார்னு கவனி.

ஆவியை எடுக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வெளிச்சம் ஆவிக்குப் பின்னால இருந்தோ பக்கவாட்டுல இருந்தோ வரணும், ஆவிக்குப் பின்னணி இருட்டா இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆவி சுருள் சுருளாத் தெரியும். அதனால ஜன்னலோ வாசலோ எந்தப் பக்கம்னு பார்த்து, அதுக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லு. கரிபிடிச்ச சுவர் பின்னணியா வர்ற மாதிரி ஒரு அடி நகரு. ஃபிளாஷ் போட்டா ஆவி எல்லாம் வெள்ளைத் திட்டா ஆயிடும், அணைச்சு வை. 50 எம்எம் எஃப்/2, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/125ல ஆரம்பி. கிண்டுற கையோட ஆட்டம் தெரியணும்னா ஷட்டரை 1/15க்குக் குறைச்சிட்டு, கேமராவை ஏதாவது ஒரு தூணோட அணைச்சுப் பிடி. முகம் தெளிவா, கிண்டுற துடுப்பு மட்டும் கலங்கி வரும். அந்த மாதிரி ஒரு படம் கிடைச்சா அதைப் பார்க்கிறவங்களுக்கு அடுப்புச் சூடே மேல படும்.

காட்டுக்குப் போறவங்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணிலுக்காக 1988ல சரணாலயம் ஆச்சு, 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோட சேர்ந்தது. எங்கே வரைக்கும் போகலாம், எப்ப திரும்பணும்னு வனத்துறைகிட்ட கேட்டுட்டுப் போ. டிரோனை வீட்டுலயே வச்சிடு. இந்த அணில் தரைக்கு அதிகம் வராது. மரத்துக்கு மரம் கிளை தொடுற இடமாப் பார்த்துக் கூடு கட்டும், கிளை வழியாவே போகும். காலையிலயும் சாயங்காலமும்தான் சுறுசுறுப்பு. புளியம்பழமோ மாங்கொட்டையோ மேல இருந்து விழுற சத்தம் கேட்டா நின்னு பாரு.

நேர் கீழே நின்னு அண்ணாந்து எடுத்தா வயிறும் வாலும்தான் கிடைக்கும், பின்னால வெள்ளை வானம். கொஞ்ச தூரம் தள்ளிப் போ, இன்னொரு மரத்தோட இலை பின்னணியா வரட்டும். 300 எம்எம் லென்ஸ், ஷட்டர் 1/500க்குக் குறையக் கூடாது. வானம் தவிர்க்க முடியலைன்னா +1 வை, இல்லாட்டி அணில் கறுப்புப் பொம்மையா வரும். தீனி போட்டுக் கூப்பிடாதே, கல்லெறிஞ்சு திரும்ப வைக்காதே, கூட்டுக்குக் கீழே காத்துக் கிடக்காதே. படம் கிடைக்காட்டியும் பரவாயில்லை, அது அந்தக் கூட்டை விட்டுப் போயிடக் கூடாது.

காட்டுப் படம் எடுக்க ஆசைப்படுறவங்க மா. கிருஷ்ணனைத் தெரிஞ்சிக்கணும். 1912ல திருநெல்வேலியில பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவோட மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில எடுத்தே பேர் வாங்கினார். 1970ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவரோட தமிழ்க் கட்டுரைகள், 'மழைக்காலமும் குயிலோசையும்', கேமராவை எடுக்கிறதுக்கு முன்னால எப்படிப் பார்க்கணும்னு கத்துத் தரும். அவர் வழியில நீ செய்யக்கூடியது ஒண்ணு: கேமராவை ரா ஃபைல்ல வச்சு, திரையை மட்டும் மோனோக்ரோமுக்கு மாத்திடு. கண்ணுக்குக் கறுப்பு வெள்ளையாத் தெரியும், ஃபைல்ல நிறம் அப்படியே இருக்கும். பச்சையும் நீலமும் மயக்காததால வெளிச்சமும் வடிவமும் உடனே பிடிபடும்.

ராஜபாளையத்துல ரெண்டு இடம். ஊருக்குக் கிழக்கே சஞ்சீவி மலை. காலையில அதுல ஏறி மேற்கே பாரு, ஊரும் மில்களும் கீழே, பின்னால மலைத்தொடர் வெயில்ல. சின்னத் துவாரம், எஃப்/8, தொலைவு லென்ஸ் இருந்தா 100 எம்எம்முக்கு மேல போ, மலை ஊருக்குப் பக்கத்துல நெருங்கி வந்து நிக்கும். இன்னொண்ணு மேற்கே அய்யனார் அருவி. தண்ணி பட்டு மாதிரி வரணும்னா ஷட்டர் அரை செகண்ட், நேர் வெயில் பட்டா முடியாது. மலை நிழல் விழுற பிற்பகல்தான் தோது, ஆனா வனத்துறை சொல்ற நேரத்துக்கு முன்னாடி இறங்கிடணும். மழை மேல மலையில பெய்யும், நீ நிக்கிற இடத்துல வானம் வெளுத்திருக்கும். தண்ணி கலங்கினாலோ இலைதழை மிதந்து வந்தாலோ ட்ரைபாடைப் பத்தி யோசிக்காம மேட்டுக்கு ஏறிடு.

இப்ப லென்ஸ். முதல் கேமரா பழசு வாங்கலாம், தப்பே இல்லை. எத்தனை கிளிக் ஓடியிருக்குன்னு ஷட்டர் கவுன்ட் கேளு. ஆரம்ப நிலைக் கேமராக்கள் பொதுவா 1,00,000 கிளிக் வரைக்கும் தாங்கும்னு கணக்கு வச்சுக்கோ. எஃப்/16ல வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிசாக்கிப் பாரு, சென்சார்ல தூசி இருந்தா கறும்புள்ளியாத் தெரியும். லென்ஸுக்குள்ளே டார்ச் அடிச்சுப் பாரு, சிலந்தி நூல் மாதிரி கோடு ஓடினா பூஞ்சை, அதை வாங்காதே. கிட் லென்ஸோட ஒரு வருஷம் ஓட்டு. அடுத்து 50 எம்எம் எஃப்/1.8. விலை கம்மி, பால்கோவா அடுப்படி மாதிரி இடத்துக்கு அதை விட நல்லது இல்லை. மூணாவதா, அணிலும் பறவையும்தான் உன் ஆசைன்னா மட்டும் 70–300. பாடியை மாத்துறதைக் கடைசியா யோசி. ஃபில்டர் ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்னா போலரைசர் வாங்கு. மழை விட்ட காலையில மலைக்காட்டு இலையில மினுங்குற வெளிச்சத்தை அது எடுத்துடும், பச்சை அடர்த்தியா வரும்.

மதுரையில இருந்து பஸ்ஸுல வந்தாலும், விருதுநகர் வழியா ரயில்ல வந்தாலும் வலது பக்க ஜன்னல்ல உட்காரு, மலை அந்தப் பக்கம்தான். காத்து தெளிவா இருக்கிறது ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு. கண்மாய்ல தண்ணி, வயல்ல பச்சை, தொலைவு மலை வரைக்கும் துல்லியம். சித்திரை, வைகாசியில மலை புகைமூட்டமா இருக்கும், அப்ப மனுஷங்களையும் பக்கத்துல இருக்கிறதையும் எடு.

பையில ரெண்டு மெமரி கார்டு, ரெண்டு பேட்டரி, ஒரு பிளாஸ்டிக் கவர், சிலிக்கா ஜெல் பொட்டலம். ஓடுற பஸ்ஸுலயும் காத்தடிக்கிற மேட்டுலயும் லென்ஸ் மாத்தாதே. கேமராத் திரையைப் பார்த்து எதையும் அழிக்காதே, ராத்திரி ரூமுக்கு வந்ததும் காப்பி எடுத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு.

ஊருக்குத் திரும்பினதும் யார் யாரை எடுத்தியோ அவங்க படத்தைப் பிரிண்ட் போடு. 4×6 அளவு போதும், செலவு பெரிசில்லை. வாட்ஸ்அப்ல அனுப்பினா தேஞ்சு போன ஃபைல் ஒண்ணு போய்ச் சேரும், பிரிண்ட் சுவத்துல ஏறும். படியில மாலை கட்டிக்கிட்டு இருந்த அம்மா, அடுப்படியில நின்ன அண்ணன், எல்லாரும் அதே இடத்துலதான் இருப்பாங்க, அடுத்த தடவை போறப்ப கையில கொடு. பின்பக்கம் தேதியும் ஊரும் எழுது. பால்பாயிண்டால அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் விழும், மெல்லிய மார்க்கர்ல எழுதி, மை காய்ஞ்ச பிறகு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கு.